எனக்கு மட்டும் இறங்கிய மேகம்

கொடைக்கானலில் எந்தப் பழியையும் மேகத்தின் மேல் போட்டுவிடலாம். பஸ் தாமதமா, மேகம். துவைத்த துணி காயவில்லையா, மேகம். அழைத்த கல்யாணத்துக்குப் போகாமல் விட்டோமா, அதற்கும் மேகம்தான். யாரும் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த ஊரில் வியூ பாயிண்டில் நின்று போட்டோ எடுத்துப் பிழைத்தவன் நான். என் கண்ணில் கோளாறு வந்தபோது நானும் மேகத்தைத்தான் குற்றம் சொன்னேன். வருஷக்கணக்கில் சொன்னேன்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் ஆரம்பம் அது. கையில் ரோல் போடும் கேமரா. பள்ளத்தாக்கைப் பார்த்த கம்பித் தடுப்பு ஓரமாகச் சிவப்புப் பெயிண்டால் இரண்டு பாதங்கள் வரைந்து வைத்திருந்தேன். சுற்றுலா வருகிறவர்கள் அதன் மேல் நிற்க வேண்டும். நான் நிற்பதற்குத் தனியாக ஒரு கோடு. இரண்டுக்கும் நடுவே தூரம் மாறப்போவதில்லை என்பதால் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் திருகிச் சரியான இடத்தில் நிறுத்தி, மேலே டேப் சுற்றி இறுக்கிவிட்டேன். பெரிய குடும்பமானாலும் புது ஜோடியானாலும் அதே பாதம், அதே கோடு. காலையில் எடுத்த ரோலைக் கடைவீதியில் பாயின் கலர் லேபில் கொடுத்து, மாலையில் அவர்கள் பஸ் ஏறுவதற்குள் படத்தைக் கையில் சேர்த்துவிடுவேன். தொழிலை இப்படிச் சுலபமாக்கிக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. சரியாகச் சொன்னால், படம் எடுக்க நான் எதையும் பார்க்கவே வேண்டியதில்லை என்கிற நிலைக்கு வந்திருந்தேன்.

மேகம் வந்தால் மட்டும் வேலை நின்றுபோகும். பின்னால் மலை தெரியாத படத்தை யார் வாங்குவார்கள்? வந்த ஆளைப் போகவிடாமல் பிடித்து வைக்க வேண்டும். "அஞ்சு நிமிஷம் நில்லுங்க, வெலகிரும்" என்பேன். அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் பிழைப்பு நடந்தது. முப்பது வயதை நெருங்கும்போது அந்த வாக்கியத்துக்கு விநோதமான பதில்கள் வர ஆரம்பித்தன.

"எங்கங்க மேகம்? கீழ அணைக்கட்டு வரைக்கும் பளிச்சுன்னு தெரியுதே?" என்றார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர்.

"உங்களுக்குப் பழக்கம் இல்லீங்க. இது மெல்லிசு மேகம். நேர்ல தெரியாது, படத்துல விழுந்துரும்."

அவர் நம்பினார். எனக்கே அதைச் சொன்னபோது நம்பிக்கையாகத்தான் இருந்தது. சமவெளிக்காரர்களுக்கு மேகத்தைப் பற்றி என்ன தெரியும்?

கண்ணில் வலியும் இருந்தது. காலையில் விழிக்கும்போது இமைக்குள் மணல் கிடந்து அறுக்கிற மாதிரி இருக்கும். வெயில் பட்டால் கூசும். அதற்கும் எங்கள் வீட்டில் ஒரு காரணம் தயாராக இருந்தது. வீடு பூம்பாறையில். மலைச்சரிவெல்லாம் படிப்படியாகப் பூண்டு வயல். அம்மா அந்த வயல்களில் கூலி வேலைக்குப் போவாள். அப்பா காலமான பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அறுவடைக் காலத்தில் வீட்டுக் கூரைக்கடியில் பூண்டுக் கட்டு தொங்கும், மூலையில் பூண்டுச் சருகு குவியும், தலையணையில்கூட பூண்டு வாடை அடிக்கும்.

"பூண்டுக் காரம்யா. கண்ணக் கசக்காத. மொகத்தக் கழுவிட்டு தேத்தண்ணியக் குடி" என்பாள் அம்மா. அவளும் அப்பாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். கொடைக்கானல் முழுக்க டீ என்று சொன்னாலும் அவளுக்கு அது கடைசிவரை தேத்தண்ணிதான்.

எரிச்சலுக்குப் பூண்டு, மங்கலுக்கு மேகம். ஒரு நோய் ஒளிந்துகொள்ள எங்கள் ஊரைப் போல வசதியான ஊர் வேறு கிடைத்திருக்காது.

ஒரு நாள் மாலை பாயின் கடையில் படங்களை வாங்கிப் பார்த்தபோது எனக்குத் தாங்கவில்லை. எல்லாம் வெளுத்துப்போய், பால் ஊற்றினாற்போல் இருந்தன. கவுண்டரில் தட்டினேன். "என்ன பாய், படம் கழுவுற மருந்து மாத்தலையா? படம் பூரா கலங்கிக் கெடக்கு."

பாய் என்னைவிட இருபது வயது பெரியவர். அதிர்ந்து பேச மாட்டார். கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். பிறகு கடையில் நின்றிருந்த வேறு இரண்டு பேரிடம் காட்டினார். "நல்லாத்தானே இருக்கு" என்றார்கள் இருவரும்.

"தம்பி, படம் பளிங்கு மாதிரி இருக்கு. போன வாரமும் இதையே சொன்னீங்க. கோளாறு படத்துல இல்லைங்க. ஒரு எட்டு கண்ணக் காட்டிட்டு வந்துருங்க."

போட்டோக்காரனிடம் கண் சரியில்லை என்று சொல்வது சமையல்காரனிடம் நாக்கு சரியில்லை என்று சொல்வதைப் போல. அதுவும் நான்கு பேர் முன்னால். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "உங்க சோலியப் பாருங்க பாய்" என்று சொல்லிவிட்டுப் படங்களை அள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். மறுநாளிலிருந்து ரோலை வேறு லேபில் கொடுத்தேன். அங்கேயும் படங்கள் கலங்கலாகவே வந்தன. அந்த லேப்காரனையும் திட்டினேன்.

உண்மை ஆயக்குடியில், உச்சி வெயிலில் காத்திருந்தது. பழனியிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஊர். அங்கே ஒரு கொய்யா வியாபாரியின் பேத்திக்குக் காதுகுத்து. கொடைக்கானலில் என்னிடம் குடும்பப் படம் எடுத்துக்கொண்டு போனவர் அவர். படம் பிடித்துப்போய், விசேஷத்துக்கும் என்னையே வரச் சொல்லியிருந்தார். கொய்யாத் தோப்பில் பந்தல். குழந்தையை மாமன் மடியில் உட்கார வைத்தாகிவிட்டது. ஆசாரி ஊசியோடு தயார். எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் கேமராவைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, வாய்ப் பழக்கத்தில் சொன்னேன்:

"அஞ்சு நிமிஷம் பொறுங்க. மேகம் வெலகட்டும்."

பந்தலே குலுங்கச் சிரித்தது. "போட்டோக்காரரே, வெயிலு மண்டையப் பொளக்குது. ஆயக்குடியில என்னைக்குங்க மேகம் தரைக்கு எறங்கியிருக்கு?" என்றார் வியாபாரி. நான் ஏதோ வேடிக்கை பேசுகிறேன் என்றே நினைத்துக்கொண்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பந்தலை விட்டு வெளியே வந்து பார்த்தேன். கொய்யா மரமெல்லாம் வெள்ளைத் திரைக்குப் பின்னால் நின்றது. வலது கண்ணை மூடினேன், திரை. இடது கண்ணை மூடினேன், அதே திரை. கழுத்தில் வியர்வை வழிகிறது, செருப்பில்லாத கால் சுடுகிறது, என் கண்ணுக்கு மட்டும் மேகம். மலையிலிருந்து அது என்னோடு பஸ் ஏறி வந்திருந்தது. நான் பயந்து போனேன். முப்பது வயதில், கையில் வேறு தொழில் இல்லாத ஒருவனுக்கு எப்படிப் பயம் வருமோ அப்படி வந்தது.

எப்படியோ அன்றைய வேலையை முடித்தேன். டேப் சுற்றிய வளையத்தைத் தொடாமல், சிவப்புப் பாதத்துக்கும் என் கோட்டுக்கும் நடுவே இருந்த அதே தூரத்தைக் காலால் அளந்து நின்று, ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். படங்கள் மிக நன்றாக வந்தன என்று வியாபாரி பின்னால் சொன்னார். எனக்கு அவை கலங்கலாகவே தெரிந்தன.

அந்த வாரமே அம்மாவும் நானும் மதுரைக்குப் போனோம். கண் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தது ஓர் இளம் பெண் டாக்டர். விளக்கு இருந்த கருவியில் என் தாடையை வைக்கச் சொல்லி நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி என் கண்ணைப் பற்றி இல்லை.

"உங்க அப்பாவும் அம்மாவும் சொந்தமா?"

அம்மா முந்திக்கொண்டாள். "அவரு எனக்குத் தாய்மாமந்தான். ஏன் டாக்டரம்மா?"

டாக்டர் ஒரு காகிதத்தில் படம் போட்டுக்கொண்டே விளக்கினார். கண்ணுக்கு முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, அது கார்னியா. அது கண்ணாடியும் இல்லை, தண்ணீரும் இல்லை. கொலாஜன் என்கிற மெல்லிய இழைகளை அடுக்கடுக்காகப் பரப்பி வைத்தது. நம் தோலிலும் தசைநாரிலும் இருக்கிற அதே இழைதான். தோலுக்கு ஊடே பார்க்க முடியாது, கார்னியாவுக்கு ஊடே பார்க்க முடியும். காரணம் இடைவெளி. ஓர் இழைக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்று போல இருப்பதால்தான் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போகிறது.

"அந்த இடைவெளியக் காவல் காக்க ஒரு பொருள் இருக்கு. புரோட்டியோகிளைக்கான்னு பேரு. நடுவுல ஒரு புரதம், அதுலருந்து நீட்டிக்கிட்டு சர்க்கரைச் சங்கிலி. கார்னியாவுல இருக்கிறதுக்கு லூமிக்கன்னு சொல்லுவோம். அந்தச் சங்கிலி மேல அங்கங்க சல்பேட் ஏறணும். ஏறினாத்தான் அது தண்ணியில கரைஞ்சு, இழைகளுக்கு நடுவுல ஒழுங்கா நிக்கும். உங்களுக்கு அதை ஏத்துற ஆள், அதாவது ஒரு என்சைம், பொறந்ததுலருந்தே வேலைக்கு வரல. அதனால அது கரையாம, குருணை குருணையா அங்கங்க தங்கிருச்சு. இடைவெளியும் கெட்டுப்போச்சு."

பூம்பாறையில் வளர்ந்தவனுக்கு இது புரியாமல் போகுமா? பாத்தியில் பூண்டுப் பல்லை விரல் அளந்து ஊன்றினால் வரிசை வரிசையாக முளைத்து, நடுவில் ஆள் நடந்து போக வழி இருக்கும். கை போன போக்கில் இறைத்தால் காடாகிவிடும். என் கண்ணுக்குள் காடு முளைத்திருந்தது. முப்பது வருஷத்தில் முதல் முறையாக என் மேகத்துக்கு ஒரு காரணம் கிடைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நோய் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இது பூண்டும் இல்லை, பாயின் மருந்தும் இல்லை, எனக்குப் பைத்தியமும் இல்லை.

"இந்தக் காவல்காரன் கண்ணுல மட்டுந்தானா?" என்று கேட்டேன்.

"உடம்பு முழுக்க இதோட சொந்தக்காரங்க இருக்காங்க. தோல்ல ஒண்ணு, எலும்புல ஒண்ணு. முட்டியில இருக்கிறது தண்ணியப் பிடிச்சு வச்சுக்கிட்டு மெத்தை மாதிரி தாங்கும்."

"அப்ப எனக்கு முட்டியும் போயிருமா?"

டாக்டர் சிரித்தார். "உங்க முட்டியிலயும் இந்தக் கொறை இருக்கலாம். ஆனா அதனால ஒண்ணும் ஆகாது. முட்டி வழியா யாரும் பாக்கப் போறதில்லையே."

மருந்து கிடையாது என்றார். சொட்டு மருந்து வலியைக் குறைக்கும், குருணையைக் கரைக்காது. ஒரே வழி, கலங்கிய கார்னியாவை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டு, இறந்த ஒருவர் தானம் கொடுத்த கார்னியாவை வைத்துத் தைப்பது. வலது கண்ணுக்கு முதலில். கண் வந்ததும் கூப்பிடுவார்கள், உடனே வர வேண்டும். "போன் நம்பர்?" என்று கேட்டார்கள். வீட்டில் போன் ஏது? எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர், சுற்றுலாக்காரர்களுக்குப் படம் வாங்கச் சொல்லிக் கொடுத்துக் கொடுத்துப் பழகியது, பாயின் லேப் நம்பர். பேச்சுவார்த்தை நின்று மாதக்கணக்காகிறது. ஆனாலும் அதைத்தான் சொன்னேன்.

திரும்பும் பஸ் மலை ஏறத் தொடங்கியபோது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். "நாங்க கட்டிக்கிட்டதுனாலதான் ஒனக்குக் கண்ணு போச்சு, இல்ல?"

"அப்பிடி யாரு சொன்னா?"

"எல்லாம் எனக்கு வெளங்குது. தோட்டத்து லயத்துல வரிசையா பத்து வீடு. பத்தும் சொந்தம். அசல்ல போயித் தேட ஏலாது. அப்பிடித்தான்யா கட்டி வச்சாங்க."

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். பூண்டு வாடை அடிக்கிற கை.

ஊருக்கு வந்த பிறகு பாயிடம் போய்ப் பேசியிருக்கலாம். அவர் சொன்னதுதான் நிஜம் என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததும் எனக்குக் கோபம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. சொன்னது பலித்தவனிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது? கடைவீதியில் அவர் கடைப் பக்கம் வந்தால் எதிர் வரிசைக்கு மாறி நடந்தேன். அவர் கடை எது என்று எனக்கு வாடையில் தெரியும், லேப் மருந்து வாடை.

மழைக்காலம் முடிந்து வெயில் வந்த ஒரு காலை. வியூ பாயிண்டில் என் கோட்டில் நின்றுகொண்டிருந்தேன். யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். கிட்டே வரும்வரை ஆள் தெரியவில்லை. மருந்து வாடை அடித்தது.

"தம்பி, மதுரையிலருந்து போன். கண்ணு வந்துருச்சாம். இன்னைக்கே வந்து சேரணுமாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டி மறித்தார். "சண்டைய அப்புறம் போடுவோம். அம்மாவுக்குப் பூம்பாறை பஸ் கண்டக்டர்ட்ட சொல்லி விட்டாச்சு, அவங்க நாளைக்கு வெள்ளனே வந்துருவாங்க. நான் உங்ககூட வர்றேன். வெரசாக் கெளம்புங்க."

"கடை?"

"பூட்டியாச்சு."

சுற்றுலா சீசனில் கலர் லேபைப் பூட்டிவிட்டு வருவது என்றால் என்ன என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வத்தலக்குண்டு வரை வந்தோம். அங்கே பஸ் நின்றதும் அவர் இறங்கிப் போய் இரண்டு டீ வாங்கி வந்து ஒன்றை என் கையில் வைத்தார். "நீங்க சொன்னது சரிதாங்க பாய்" என்றேன். "எது?" என்றார், ஒன்றும் நினைவில்லாதவர் போல. பாதி டீ என் சட்டையில் கொட்டியது.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முகத்தில் துணி, கண்ணைச் சுற்றி மரத்துப்போன உணர்வு, தலைக்கு மேலே டாக்டர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்கிற சத்தம். மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். சினிமாவில் வருவது போல எல்லாம் உடனே தெரிந்துவிடவில்லை. கண்ணீரும் கூச்சமும் வழவழப்புமாக இருந்தது. ஆனால் அதற்கு நடுவே ஒன்று தெரிந்தது. அம்மாவின் புடவை மஞ்சள். நான் அதை வெள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இது எப்பம்மா வாங்குன?"

"போன தீபாவளிக்கி நீதானய்யா வாங்கிக் குடுத்த!"

அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாவுக்குத்தான் அந்தத் தடை இல்லையே, அவள் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதாள். பாய் வெளியே போய் நின்றுகொண்டார்.

கண் கொடுத்தவர் யார் என்று சொல்ல மாட்டார்கள். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஒரு வீட்டில் அழுகை அடங்குவதற்குள் யாரோ ஒருவர் தெளிவாக யோசித்து, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருக்கிறார். அந்த வீட்டு மனிதரின் உடம்பில் ஒழுங்காக வேலை பார்த்த காவல்காரன் இப்போது என் கண்ணில் இடைவெளியைக் காக்கிறான். காலையில் முகம் கழுவும்போது இன்றைக்கும் அவர்களுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

மாதாமாதம் பரிசோதனைக்குப் போனேன். முடியைவிட மெல்லிய தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. டாக்டர் ஒவ்வொரு முறையும் ஒரே எச்சரிக்கையைச் சொல்வார். வைத்த கார்னியாவை உடம்பு ஏற்காமல் போகலாம். கண் சிவந்தாலும், வலித்தாலும், திடீரென்று பார்வை மங்கினாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, பஸ் ஏறிவிட வேண்டும்.

"மங்குனாவா? எங்க ஊர்ல தெனமும் மங்கும் டாக்டர். எது மேகம், எது கண்ணுன்னு நான் எப்பிடிக் கண்டுபிடிப்பேன்?"

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார். "பக்கத்துல நிக்கிறவங்களக் கேளுங்க. அவங்களுக்கும் தெரியலன்னா மேகம். உங்களுக்கு மட்டும் தெரியலன்னா இங்க வாங்க."

கடைசித் தையலைப் பிரித்த அன்று அம்மாவும் வந்திருந்தாள். நான் டாக்டரிடம் ஓர் ஆசையைச் சொன்னேன். வெட்டி எடுத்த என் பழைய கார்னியாவைப் பார்க்க வேண்டும். அதைப் பதப்படுத்தி, மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றிக் கண்ணாடித் தகட்டில் வைத்திருப்பதாக அவரே முன்பு சொல்லியிருந்தார். கேமரா என் தோளில் இருப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

மைக்ராஸ்கோப்பில் புதுக் கண்ணை வைத்துப் பழைய கண்ணைப் பார்த்தேன். உலகத்தில் எத்தனை பேருக்கு இது வாய்க்கும்? வெளிறிய இழைகள் படுத்துக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே நீல நீலமாகக் குருணைகள். சல்பேட் ஏறாமல், கரையாமல், தங்கிப்போன அந்தப் பொருள்தான் சாயத்தைக் குடித்து நீலமாகியிருந்தது. என்னை வியூ பாயிண்டில் பொய் சொல்ல வைத்தது, ஆயக்குடியில் பந்தலையே சிரிக்க வைத்தது, பாயோடு பேச்சை நிறுத்தியது, எல்லாம் இந்தப் பொடி. கேமராவை மைக்ராஸ்கோப்போடு ஒட்டிப் பிடித்து, மூச்சை அடக்கி, படம் எடுத்தேன். இத்தனை வருஷம் நான் விலகச் சொல்லிக் காத்திருந்த மேகம் அன்று எனக்காக அசையாமல் நின்றது.

பிறகு அம்மாவை உட்கார வைத்தேன். கிட்டத்தட்ட இழுத்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. அவளுக்குப் பார்க்கப் பயம். தான் செய்த தப்பு அதற்குள் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

"இம்புட்டுத்தான்."

"இந்தத் தூசிக்கா நான் இத்தன வருசமாப் பூண்டத் திட்டுனேன்?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள். அந்த பஸ் பயணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சொந்தத்தில் கட்டிக்கொண்டதைப் பற்றி அதற்கப்புறம் அவள் பேசவில்லை.

ரோலை எங்கே கழுவக் கொடுப்பது என்பதில் சந்தேகமே இல்லை. பாய் படத்தைக் கழுவி எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்தார். கறுப்புக்கு நடுவே ஒரு வட்டம், வட்டத்துக்குள் நீலப் புள்ளிகள்.

"இது எந்த வியூ பாயிண்ட் தம்பி?"

"என் கண்ணுங்க பாய்."

அவர் சட்டென்று படத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார், குழந்தையை வாங்குவதைப் போல. பிறகு பழைய சண்டையை மனதில் வைத்துக்கொண்டு கேட்டார். "படம் கலங்கலா இருக்கா, தெளிவா இருக்கா?"

"பளிங்கு மாதிரி இருக்குங்க" என்றேன். பெரிய அளவில் இன்னொன்று போட்டுக் கடையில் மாட்டினார். கேட்பவர்களுக்கெல்லாம் ஊட்டியில் எடுத்தது என்று சொன்னார்.

தொழிலுக்குத் திரும்பிய முதல் நாள். சிவப்புப் பாதங்கள் மழையில் பாதி அழிந்திருந்தன. நான் அவற்றை மறுபடி வரையவில்லை. லென்ஸ் வளையத்தில் சுற்றியிருந்த டேப்பை நகத்தால் கிளப்பி உரித்து எறிந்தேன். பசை ஒட்டிக்கொண்டு வளையம் முதலில் திரும்ப மறுத்தது, அப்புறம் திரும்பியது. விருதுநகரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். "எங்க வேணும்னாலும் நில்லுங்க" என்றேன். அதைச் சொல்ல எவ்வளவு ஆனந்தமாக இருந்தது! கேமராவை வலது கண்ணில் வைத்து வளையத்தைத் திருகினேன். சின்னவளின் தொப்பியில் இருந்த பூ வேலைப்பாடு, பெரியவளின் நெற்றியில் சாந்து, பின்னால் மலை மடிப்புகள், அதற்கும் கீழே அணைத் தண்ணீரின் மினுக்கம். எல்லாவற்றையும் நானே பார்த்தேன். பொத்தானை அழுத்தப் போனேன்.

எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

மலை போனது. அணை போனது. குழந்தைகள் வெள்ளைக்குள் கரைந்தார்கள். திடீரென்று மங்கினால் என்று டாக்டர் சொன்னாரே, இதுதான் அது. பஸ் எத்தனை மணிக்கு, பாய் கடையில் இருப்பாரா, யாரோ ஒருவர் கொடுத்த கண்ணை இப்படித் தொலைத்துவிட்டேனே என்று என்னென்னவோ ஓடியது. கேமராவை இறக்கினேன். அப்போதும் வெள்ளைதான். டாக்டர் சொன்ன இன்னொன்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பக்கத்தில் நின்ற குடும்பத் தலைவரைக் கேட்டேன்.

"அண்ணாச்சி, உங்களுக்கு மலை தெரியுதா?"

அவர் ஏற்கெனவே எரிச்சலில் இருந்தார். "என்னத்தத் தெரியுது? ஒரு மண்ணும் தெரியல! புள்ளகளக் கூட்டிக்கிட்டு அம்புட்டுத் தூரத்துலருந்து இதப் பாக்கவா வந்தோம்?"

"நெசமாவா? ஒண்ணுமே தெரியலையா?"

"எம் பொண்டாட்டியே தெரியல, போதுமா?"

நான் சிரித்தேன். அடக்க முடியவில்லை. கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, குளிரக் குளிர முகத்தில் வந்து மோதுகிற அந்த நல்ல மேகத்தை, எல்லோருக்கும் சேர்த்து இறங்கிய அந்த மேகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். கண்ணில் நீர் முட்டியது. அண்ணாச்சிக்குக் கோபம் பொங்கிவிட்டது.

"என்னய்யா சிரிப்பு? உமக்குக் கண்ணு தெரியுதா, தெரியலையா?"

"தெரியுதுங்க" என்றேன். "உங்களுக்கு என்ன தெரியுதோ அதேதாங்க எனக்கும் தெரியுது. அஞ்சு நிமிஷம் நில்லுங்க."